கண் கட்டியவள் பார்த்த வீடு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண் வீடு தேடுவதில்லை. பிறந்து வளர்வது தாயின் வீட்டில். கல்யாணம் முடித்தால் போயிருப்பது மனைவியின் வீட்டில். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில், வேலிக்குள்ளேயே, சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள். நானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு ஆரையம்பதியில் என் மனைவியின் வீட்டுக்குள் போனேன். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, காற்று எப்படி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பொதுவாகவே நான் அதிகம் கேட்கிறவன் அல்ல. பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் என் பக்கம் திரும்பினால் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவன் கொழும்பில் தெருத் தெருவாக வாடகை அறை தேட வேண்டி வந்தது. காரணம் ஒரு நெல்லின் கூர்.

அறுவடை முடிந்து பழுகாமத்து வயல்வட்டையிலிருந்து நெல் வாவி கடந்து தோணியில் வந்து இறங்கியிருந்தது. என் மனைவி முற்றத்தில் சுளகு வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தபோது கூர் ஒன்று பறந்து வலது கண்ணில் விழுந்தது. கழுவினாள். நந்தியாவட்டைப் பூவின் சாறு விட்டாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டாள். கண் சிவந்தது, பிறகு கருவிழியில் பால் துளி போல ஒரு வெள்ளை ஏறியது. புளியந்தீவுப் பட்டணத்தில் டாக்டரிடம் போனபோது அவர் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொழும்புக்குக் கொண்டு போங்கள். இந்தக் கண் கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். கல்லடிப் பாலத்தில் திரும்பி வரும்போது அவள், "ரெண்டும் போனா அரிசியில கல்ல எப்பிடிப் பாக்கிற?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்து அப்போது சில வருடங்கள்தான். பெட்டியில் எங்களுக்கு எதிரே சாரம், அதாவது கைலி, விற்கும் காத்தான்குடி வியாபாரி ஒருவர் இருந்தார். கொழும்பு புறக்கோட்டையில் சின்னக் கடை வைத்திருந்தவர். காத்தான்குடி எங்களுக்கு அடுத்த ஊர், முகம் பழக்கம். அவரைக் காக்கா என்று அழைப்பேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவது. என் மனைவி முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரே கதையைக் கேட்டு அறிந்தார். நான் சொல்லத் தயங்கிய இடங்களில் அவள் சொன்னாள்.

இறங்கியதும் நேரே கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து விட்டு, கண் அசையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கட்டில் ஒன்றும் காலியில்லை. தினமும் காலையில் வந்து கழுவி மருந்து விட்டுப் போக வேண்டும், சில வாரங்கள் ஆகலாம் என்றார் டாக்டர். பிறகு விரலை நீட்டி என்னிடம் சொன்னார்: புகை கூடாது, தூசி கூடாது, வெயில் கூடாது. நான் தலையை ஆட்டினேன். கொழும்பில் அப்படி ஓர் இடம் இருக்குமா என்று அவரையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காக்காவின் கடைக்குப் போனோம். அவரும் இன்னும் சில காத்தான்குடி ஆட்களும் கடைக்கு மேலே படுப்பவர்கள். பெண்ணொருத்தியை வைத்திருக்க அங்கே வசதியில்லை. கடையின் பின்பக்கம் ஒரு சீலையைக் குறுக்கே கட்டி, சாரக் கட்டுகளுக்கு இடையில் என் மனைவிக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னை வெளியே கூட்டி வந்து நகரத்தை எனக்குப் பிரித்துக் காட்டினார்.

"கேளு தம்பி. இஞ்ச புறக்கோட்டையில சைவக் கடைக்கு மேல அறை இரிக்கி, மலிவு. கொட்டாஞ்சேனையில கோயில் கிட்ட, உங்கட ஆக்கள் இரிக்காங்க. வெள்ளவத்தையில யாழ்ப்பாணத்தாக்கள், கடல் காத்து நல்லம், ஆனா வாடகை காத்தவிடப் பலம். கொம்பனித்தெருவில எங்கட ஆக்களும் மலாய்க்காரரும். ஆஸ்பத்திரிக்கு அதுதான் கிட்ட. எல்லாத்தையும் பாத்துட்டு வா. தங்கச்சிய நான் பாத்துக்குறன்."

"நீங்களும் வாங்களன் காக்கா" என்றேன்.

"கடைய ஆரு பாக்கிற? போ, கொழும்பு ஆளத் திங்காது."

முதலில் சைவக் கடை. முன்னால் வெற்றிலை மென்றுகொண்டு முதலாளி இருந்தார், யாழ்ப்பாணத்தவர். மேலே அறை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி அடுத்த கேள்வியைக் கேட்டேன். வீட்டுக்காரியோடு பேசாமல் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. "வீட்டுக்கார அம்மாவ ஒருக்காப் பாக்கலாமா?" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "எந்த அம்மா?"

"வீட்டுக்கார அம்மா."

"இஞ்சை அம்மா ஒருத்தரும் இல்லை. சமையல்காரர்தான் இருக்கிறார். அவருக்கு மீசையும் இருக்குது. பாக்கப் போறீரோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தார்கள். நான் மேலே ஏறிப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

டிராம் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் முன் அறை வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் இந்தியாவிலிருந்து வந்து துறைமுகத்தில் கணக்கெழுதுபவர். அறையைத் திறந்து காட்டினார். நல்ல அறை, சுவரில் முருகன் படம்கூட இருந்தது. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ஆகவே வீட்டுக்காரி இருக்கிறாள் என்ற நிம்மதியோடு, "அவங்களோட ஒரு சொல்லுப் பேசிட்டுப் போகலாமா?" என்றேன்.

"எவங்களோட?"

நான் உள்பக்கம் கையைக் காட்டினேன்.

"என் சம்சாரத்துக்கிட்ட உனக்கு என்னய்யா பேச்சு?" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார். அவர் கட்டி முடிப்பதற்குள் நான் தெருமுனைக்கு வந்துவிட்டேன். முருகன் படம் உள்ள அறை அத்தோடு போயிற்று.

வெள்ளவத்தையில் அந்தப் பிழையைச் செய்யவில்லை. அங்கே வேறு விதமாக ஆயிற்று. கடற்கரைப் பக்கமாகப் பென்சன் எடுத்த ஐயா ஒருவரின் வீடு, பக்கத்தில் வாடகைக்கு ஓர் ஒட்டுப் பகுதி, மாமரம், காற்று எல்லாம் இருந்தன. அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "தம்பி எந்த ஊர்?" என்றார்.

"மட்டக்களப்பு."

"ஓ. உங்கடை ஊரிலை வந்தவையைப் பாயோடை ஒட்டி வைச்சிருப்பியளாமே. என்ரை வீட்டுக்கு வந்தா வீட்டோடை ஒட்டிப்போடுவியளோ?"

பகிடிக்குத்தான் சொன்னார்: மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்பது பழைய பேச்சு. அந்தப் பகிடியை எங்கள் ஊரார் எல்லோரும் வாழ்நாளில் பலமுறை கேட்டிருப்பார்கள், பதிலும் வைத்திருப்பார்கள். நான் வாடகையைத்தான் கேட்டேன். அவர் சொன்ன வாடகை அதைவிடப் பெரிய பகிடியாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன். இருந்தாலும் அவர் ஆள் அனுப்பி எனக்குத் தேநீர் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று முழுவதும் நான் குடித்தது அது ஒன்றுதான்.

கடைசியில் கொம்பனித்தெரு. ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு வீடுகள், நடுவே ஒடுங்கிய சந்து. ஒரு வீட்டின் கதவில் அறை வாடகைக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் சோக்குக் கட்டியால் எழுதியிருந்தது. தட்டினேன். சாரமும் நீளச் சட்டையும் போட்ட மலாய்ப் பெண்மணி ஒருவர், ஐம்பது வயது மதிக்கலாம், கையில் தைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்து கதவைத் திறந்தார்.

காலையிலிருந்து நான் கேட்டு அலைந்த ஆள் அவர்தான். வீட்டுக்காரி. அவரே வந்து முன்னால் நின்றதும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யாரு? ரூமுக்கா?" என்று நல்ல தமிழில் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "தனி ஆம்புளைக்கு ரூம் குடுக்கிறதில்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்.

என் மனைவி இருக்கிறாள், கண்ணைக் கட்டிக்கொண்டு சாரக் கட்டுகளுக்கு நடுவே இருக்கிறாள் என்று சொல்லக் கதவு சாத்திய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. மறுபடி தட்டக் கை வரவில்லை.

மாலையில் நான் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டுக் காக்கா சாரத்தை மடிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். "டேய் தம்பி, இஞ்ச வீடு ஆம்புளைட சொத்து. நம்மட பக்கம்தான் பொம்புளைட. போற எடமெல்லாம் பொம்புளையக் கேட்டா அடிக்காம விட்டதே பெரிய காரியம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வந்த புதுசில நானும் இதத்தான் கேட்டன். ஒருத்தன் கூட்டுற தும்புக்கட்டையோட அடிக்க வந்தான்" என்றார்.

அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் சைவர்கள். ஆனால் வீட்டை மகளுக்குக் கொடுப்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. அந்த வழக்கத்தைத் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. என்னை முட்டாள் என்று அவர் நினைக்கவில்லை.

சீலைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "காக்கா, நாளைக்கு நான் போறன்."

"கண்ணக் கட்டிட்டு எங்க போற தங்கச்சி?"

"வீடு பாக்க."

அன்று அவள் அந்தக் கடையிலேயே படுத்தாள். புதுச் சாரங்களின் கஞ்சி மாவும் நூல் தூசியும் காற்றில் இருந்தன. காலையில் கட்டை அவிழ்த்த டாக்டர் முகத்தைச் சுழித்தார். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். கடையில் என்றேன். வெள்ளை பரவியிருப்பதாகவும், இன்னும் இரண்டொரு நாள் இப்படித் தூசியில் இருந்தால் தன்னைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். கடிந்து பேசவில்லை. மெதுவாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்து ஒரு ரிக்ஷாவில் அவளை ஏற்றினேன். நான் பக்கத்தில் நடந்தேன். ரிக்ஷாக்காரர் எங்கே என்று கேட்டார். வீடு பார்க்க என்று அவள் சொன்னாள். அவர் அவளுடைய கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

காக்கா காலையில் விசாரித்துச் சொல்லியிருந்த ஓர் அறை மருதானையில் இருந்தது. ரயில் உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு மாடி. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. புதுச் சுண்ணாம்பு பூசிய சுவர், பெரிய யன்னல், வாடகையும் எங்களுக்குத் தாங்கும். வீட்டுக்காரரும் நல்ல மாதிரி. அவளைக் கைபிடித்து மேலே ஏற்றி, "நல்ல வெள்ளையா இரிக்கு புள்ள" என்றேன்.

அவள் சுவரைத் தடவிக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். யன்னல் படியில் உள்ளங்கையை வைத்து இழுத்து, கையை என் பக்கம் நீட்டினாள்.

"என்ன நிறம்?"

உள்ளங்கை கறுத்திருந்தது. என்ஜின் கரி. அந்த யன்னலுக்கு நேரே கீழே தண்டவாளம் ஓடியதை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் அது எனக்கு ரயிலாகத்தான் தெரிந்ததே தவிரப் புகையாகத் தெரியவில்லை.

புறக்கோட்டைச் சைவக் கடைக்கு முன்னால் ரிக்ஷாவை நிறுத்தக்கூட அவள் விடவில்லை. "இஞ்ச நிக்க வேணாம். தோசைக்கல்லுப் புகை கூரையால வருகிது." முதலாளி என்னை அடையாளம் கண்டு, "இண்டைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டே வந்திட்டீரோ?" என்று கேட்டது மட்டும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. அவள் சிரித்தாள். கட்டுக்குக் கீழே அவளுடைய வாய் சிரித்ததை நான் பல நாட்களுக்குப் பிறகு பார்த்தேன்.

வெயில் ஏறிவிட்டது. எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமாகவே திரும்பினோம். பேரை வாவியின் ஓரமாகப் போகும்போது அவள் ரிக்ஷாவின் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"வாவி எங்கயோ கிட்ட இரிக்கு."

"ஓம். இந்தா பக்கத்தில."

"பாசி மணக்குது." முகத்தைத் திருப்பி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டாள். "காத்து இதால வருகிது. இந்தக் காத்தில தூசி இல்ல. இஞ்ச எங்கயும் வீடு இல்லயா?"

"ஒண்டு இரிக்கு. நேத்துப் போனன். இல்லயெண்டுட்டாங்க."

"என்னத்தக் கேட்டீங்க?"

"ஒண்டும் கேக்கல்ல."

"ஒண்டும் கேக்காம எப்பிடி இல்லயெண்டாங்க?"

ரிக்ஷாக்காரர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார்.

கதவை இந்த முறை அவளே தட்டினாள். மலாய்ப் பெண்மணி வந்து திறந்து, கண் கட்டிய ஒருத்தி வாசலில் நிற்பதையும், அவளுக்குப் பின்னால் முதல் நாள் வந்த ஊமை நிற்பதையும் பார்த்தார்.

"இவர் உங்க மாப்பிள்ளையா? நேத்து சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருக்க மாட்டேனே."

"அவர் அப்பிடித்தான் உம்மா" என்றாள் என் மனைவி. "அடுப்படி எங்க இரிக்கு?"

"பின்னுக்கு. முற்றத்துக்கு அங்கிட்டு, தனியா."

"புகை எந்தப் பக்கம் போகும்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர்கள் பேசுவது கேட்டது. காலையில் வெயில் எந்தச் சுவரில் விழும், மத்தியானம் காற்று நிற்குமா, பக்கத்து வீட்டில் யார், கிணறா குழாயா, நிலம் சீமெந்தா சாணியா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து எழும்பி மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வீட்டின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருப்பாள்.

வீட்டுக்காரி வெளியே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு கட்டின புள்ளை வீடு பாக்குது. கண்ணு தெறந்த ஆள் வாசல்ல நிக்கிறார்."

உள்ளேயிருந்து, "பெட்டிய இறக்குங்க" என்று குரல் வந்தது.

அவ்வளவுதான். கொழும்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

அங்கே இருந்த வாரங்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரி அல்ல, அந்த வீட்டுக்காரியின் குடை. நாங்கள் அறை எடுத்த பிறகு மருந்து விடுவதைப் பெண்கள் பக்கத்துக்கு மாற்றினார்கள், அங்கே ஆண்களை விடமாட்டார்கள். முதல் நாட்களில் நான் வாசலோடு நின்றுவிட, அவள் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனாள். இதை அறிந்த பிறகு வீட்டுக்காரி தினமும் காலையில் தையலை வைத்துவிட்டுக் குடையோடு கூட வந்தார். வெயில் படாமல் என் மனைவியின் முகத்துக்கு நேரே குடையைப் பிடித்துக்கொண்டு போவார். அவருடைய தலையில் வெயில் விழும். டாக்டர் சொல்வதைக் கேட்டு வந்து எந்த மருந்து எப்போது என்று அவரே நினைவு வைத்து விட்டார். நான் வாங்கி வந்த பொருள்களைத் தன் அடுப்பில் சமைத்துக் கொடுத்தார். நாங்கள் இன்னது சாப்பிடமாட்டோம் என்று சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்களுக்கென்று புதுச் சட்டிகள் வாங்கித் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அவருடைய கணவர் நெருப்பு அணைக்கும் வேலையில் இருந்தவர். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வீட்டில் சாம்பிராணி போடுவது வழக்கம். நாங்கள் வந்த பிறகு போடவில்லை. "நான் வேலையில திங்கிற புகை போதும், வீட்டிலயும் எதுக்கு" என்று எங்களிடம் சொல்லுவார். இன்னொரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "மகள், உங்க கண்ணு எப்ப சுகமாகும்? உங்க கண்ணு திறந்தாத்தான் எனக்கு எறச்சி" என்றார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கவில்லை. அவருக்கு வேண்டுமென்றால் தங்கை வீட்டில்தான் போய்ச் சாப்பிட வேண்டும் என்று மனைவியின் கட்டளை. என் மனைவி பதறிப்போனாள். "உம்மா, எங்களுக்காக அவரப் பட்டினி போடாதீங்க." வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவர் பட்டினியா? தங்கச்சி வீட்டுக்குப் போய் ரெண்டு கோப்பை சாப்பிட்டுட்டு இங்க வந்து மூணாவது கோப்பைக்குக் கவலைப்படுறார்" என்றார்.

நடுவில் ஒரு மோசமான நாள் வந்தது. வலி கூடிவிட்டது. அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் டாக்டர், வலி நிற்காவிட்டால் மற்றக் கண்ணைக் காப்பாற்ற இந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டியிருக்கும், ஒரு சில நாள் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். அதை எனக்குச் சொன்னவர் வீட்டுக்காரிதான். தெருவில், குடையை மடித்துக்கொண்டு சொன்னார். அறைக்குத் திரும்பியதும் என் மனைவி கேட்டாள்: "இந்த வீட்ட எடுத்தது பிழையா?"

என்னிடம் அவள் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமை எனக்கு வந்தது. "இல்ல புள்ள. காத்து வருகிது" என்றேன். காற்று அப்போது வந்துகொண்டுதான் இருந்தது. வாவியின் பாசி மணமும் அதில் இருந்தது.

அந்த நாட்களில் வீட்டுக்காரர் சத்தம் வராமல் காலணியைச் சந்திலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீடுகளில் மிளகாய் வறுப்பவர்களிடம் வீட்டுக்காரி போய் என்ன சொன்னாரோ, சந்து முழுவதும் மிளகாய் நெடி நின்றுவிட்டது. காக்கா கடையை அடைத்துவிட்டு மாலையில் வருவார். உள்ளே வரும் முன் சாரத்தை உதறித் தூசி போக்கிவிட்டு வருவார்.

வலி குறைந்தது. முதலில் அவள் தூங்கினாள். பிறகு பசிக்கிறது என்றாள். டாக்டர் கட்டை அவிழ்க்கும் போதெல்லாம் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். கடைசியில் ஒரு நாள், இனிக் கட்டு வேண்டாம், கண்ணை எடுக்கவும் வேண்டாம், கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கும், அதனோடு பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். வெளிச்சத்தில் கண் கூசும், வீட்டுக்குப் போய் இருட்டறையில் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள் என்று ஒரு துணியை மேலாகச் சுற்றி அனுப்பினார்.

அறையின் யன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்காரி துணியை எடுத்தார். நான் வாசல் நிலையில் நின்றேன். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி முதலில் தன் கைகளைப் பார்த்தாள். வீட்டுக்காரியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்ப்பது திரைக்குப் பின்னால், ஆகவே அந்த முகத்தை அவள் அதுவரை கண்டதே இல்லை. பிறகு தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அந்த அறையின் சுவர்கள் நான்கும் ரோசாப்பூ நிறம். சாதாரண ரோசாப்பூ அல்ல, திருவிழாவில் விற்கும் பஞ்சு மிட்டாயின் நிறம். நிலையும் யன்னலும் கிளிப்பச்சை.

"இது என்ன நிறம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு நாளும் சொல்லல்லயே."

"நீ கேக்கல்லயே."

"எங்க கல்யாணத்துக்கு அடிச்சது" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "அதுக்குப் பிறகு மாத்தவே விடல்ல இவ."

என் மனைவி சிரித்தாள், அழுதாள், வீட்டுக்காரியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அழ வேண்டாம், கண்ணுக்குக் கூடாது என்று வீட்டுக்காரி அதட்டிக்கொண்டே தானும் அழுதார். வீட்டுக்காரர் கடைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்தார்.

ஊருக்குப் புறப்படும்போது கதவில் அறை வாடகைக்கு என்று மறுபடி சோக்கால் எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்காரி எழுதாமல் வைத்திருந்தார். நாங்கள் ரயில் ஏறும் வரை எழுதவில்லை என்று காக்கா பிறகு சொன்னார். ரயிலில் என் மனைவி, "வெள்ளவத்தை ஐயா சொன்னது சரிதான். அந்த வீட்டோட ஒட்டித்தான் போனம்" என்றாள்.

உலக யுத்த காலத்தில் கொழும்பில் குண்டு விழுந்தது என்று கேட்ட அன்று அவள் சமைக்கவில்லை. காக்கா மறுநாளே ஊருக்கு வந்து, கொம்பனித்தெரு வீட்டுக்காரர் இருவரும் கண்டிப் பக்கம் போய்ச் சுகமாக இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டினாள். காக்காவுக்கும் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

இப்போது எங்கள் மகளுக்கு வீடு கட்டுகிறோம். அவளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. ஒரு பையன் தன் தகரப் பெட்டியோடு வந்து இருக்கப்போகும் வீடு. வளவில் எங்கே அத்திவாரம் வெட்டுவது என்று என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்று காற்றைப் பார்த்துத்தான் சொன்னாள். அடுப்படி பின்னுக்கு, முற்றத்துக்கு அப்பால், தனியாக. ஒரு யன்னல் வாவிப் பக்கம். மேசன்மார் அவள் சொன்னபடி செய்கிறார்கள்.

போன கிழமை சுவர் பூச்சு முடிந்தது. நான் வழியில் போக, தலைமை மேசன் என்னை மறித்து, அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டார். வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, வேட்டியை மடித்துக் கட்டவுமில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே என் மனைவியிடம் போனார்.

நிறத்தைக் கேட்டுத் திரும்பி வந்தவர்தான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.